அக்கா ஆற்றில் இறங்கிய நாள்

1986 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அன்றும் எங்கள் வீட்டில் வெந்நீர்ச் சண்டையோடுதான் பொழுது விடிந்தது. ஞாயிறு என்பதால் பட்டறைச் சங்கு ஊதவில்லை. அப்பா கொல்லைக் குளியலறையில் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். அம்மா நால்வருக்கும் இட்லி கட்டிக்கொண்டிருந்தாள். அண்டாவில் காயும் தண்ணீர் முதலில் குளிப்பவருக்குச் சுடச்சுடக் கிடைக்கும். அடுத்தவருக்கு வெதுவெதுப்பு மட்டும்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவள் என்ற ஒரே தகுதியில் தினமும் அக்காதான் முதலில் குளிப்பாள்.

"நீதான் ஆத்துல முழுகப் போறியே, உனக்கெதுக்கு வெந்நீர்?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"அவளுக்கு இன்னைக்கு ஞானஸ்நானம். சும்மா இருடி" என்றாள் அம்மா. அக்கா குளிக்கப் போய்விட்டாள்.

அந்த மாதம் முழுவதும் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுவே பதிலாக இருந்தது. எங்கள் சபையில் கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்த வயதில், தானே கேட்டு, வகுப்புக்குப் போய், ஆற்றில் முழுகி எடுக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலங்களில் போதகர் ஐயா வீட்டில் வகுப்பு. அக்கா இருட்டில் தனியாகத் திரும்பக் கூடாது என்று என்னையும் துணைக்கு அனுப்பினார்கள். பத்து வயதுத் துணை. வாசற்படியோரம் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதையெல்லாம் நானும் கேட்டேன்.

ஒருநாள் ஐயா அக்காவிடம், "தண்ணில முழுகி எழுந்திரிக்கிறதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார். அக்கா கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலிருந்து சொன்னேன்: "உள்ள போறது பழைய ஆள் செத்துப் புதைக்கப்படுறதுங்கய்யா. மேல வர்றது புது ஆள். தண்ணி பாவத்தைக் கழுவாது. மனசு திரும்பினதுக்கு அது சாட்சி."

எல்லோரும் சிரித்தார்கள். "இவ அடுத்த வாரமே பிரசங்கம் பண்ணுவா போலிருக்கே" என்றார் ஐயா.

"அப்ப எனக்கும் குடுங்கய்யா."

"கொஞ்சம் வளர்ந்துட்டு வா பாப்பா."

பதில் தெரிந்தவளுக்கு இல்லை, தெரியாதவளுக்கு உண்டு. அதோடு அவளுக்கு வெள்ளைப் பாவாடை தாவணியும் வந்தது. தண்ணீரில் மிதக்காமலிருக்க அம்மா பாவாடை விளிம்புக்குள் பொடிக்கற்களை வைத்துத் தைத்தாள். கல் பொறுக்கியது நான். அக்கா பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறி, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வகுப்பில் முதலாவதாக வருபவள் நான். "தங்கச்சியப் பாத்தாவது கத்துக்கயேன்டி" என்று சொல்லிக்கொண்டிருந்த அம்மா, அந்த மாதம் என் மார்க்கைக்கூடக் கேட்கவில்லை.

கடைசி வகுப்பில் ஐயா சொன்னார்: "யார் மேலயாவது மனசுல கசப்பு இருந்தா, அவங்ககிட்டப் போய்ச் சொல்லி ஒப்புரவாகிட்டு வாங்க. அப்புறம் தண்ணில இறங்கலாம்." எங்கள் சபை வழக்கம் அது. வீடு வந்ததும், கொல்லைக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"உன் ரிப்பனை நான் எடுக்கல."

"அதில்லடி." காய்ந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "உன் மேல எனக்குப் பொறாமை. ரொம்ப நாளா. நீ மார்க் வாங்கிட்டு வர்றப்பல்லாம் உன்னப் பாக்கவே பிடிக்காது. அன்னைக்கு வாசல்ல உக்காந்து பதில் சொன்னியே, அப்பவும்தான். மன்னிச்சிடு."

நான் நம்பவில்லை. வெள்ளைத் தாவணி வைத்திருப்பவள் என்மேல் ஏன் பொறாமைப்பட வேண்டும்? ஐயா கொடுத்த வீட்டுப்பாடத்தை ஆள் கிடைக்காமல் என்னிடம் முடிக்கிறாள் என்று எண்ணினேன்.

"சரி, மன்னிச்சிட்டேன்" என்றேன், பெரிய டீச்சர் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுகிற தோரணையில்.

அவள் உடனே போகவில்லை. "உனக்கு என்கிட்ட எதுவும் சொல்ல வேணாமா?"

"எனக்கென்ன இருக்கு?"

அக்கா துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிறு காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி இறங்கி, திருவானைக்காவல் பக்கத்துக் கரைக்கு நடந்தோம். இடுப்பளவுத் தண்ணீரில் ஐயா நின்றார். அக்கா நடுங்கிக்கொண்டே இறங்கினாள். நான் பொறுக்கிய கற்கள் பாவாடையை ஒழுங்காக இழுத்துப் பிடித்திருந்தன. ஐயா குனிந்து ஏதோ கேட்டார். அவள் கரையில் என்னைத் தேடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். முழுகினாள். எழுந்தபோது தலைமுடி முகத்தை மூட, மூச்சுத் திணறிச் சிரித்தாள். சபையார் பாடினார்கள். அம்மா அழுதாள். எனக்காக அம்மா ஒருமுறையும் அப்படி அழுததில்லை.

திரும்பி வந்து ஆராதனை. ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்குக் கடைசிப் பாய். அதில் அதுவரை நானும் அக்காவும் ஒரே பாட்டுப் புத்தகத்துக்கு இழுபறி செய்வோம். அன்று அவள் முன்வரிசைக்குப் போனாள். இயேசுவின் நினைவாக அப்பம் பிட்டுக் கொடுக்கும் தட்டு அவளிடம் நின்றது. என்னிடம் வரவேயில்லை. புத்தகம் முழுவதும் எனக்கே கிடைத்தது. பாடப் பிடிக்கவில்லை.

மறுநாள் போகி. பழைய பாய் எரியும் புகை ஜன்னல் வழியே வந்து என்னை எழுப்பியது. முதல் காரியமாகச் சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அக்கா முன்பே அங்கிருந்தாள், ஆனால் குளித்திருக்கவில்லை. வாளியில் வெந்நீரை ஊற்றிக் கையால் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மொதல்ல குளி."

"ஏன், ஆறிப்போச்சா?"

"தொட்டுப் பாரு."

தொட்டேன். சுட்டது. கடைசியில் அக்கா தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். அவள் மனம் மாறுவதற்குள் கதவைத் தாழிட்டு, அண்டாவில் ஒரு சொம்புகூட மிச்சம் வைக்காமல் ஊற்றிக் குளித்தேன்.