அஸ்தி சிலிண்டர்

நாங்கள் விற்கும் சரக்கு கண்ணுக்குத் தெரியாது, மணமும் கிடையாது. தீர்ந்துபோனால்தான் ஊருக்கே தெரியும். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் சகோதரர்களே, பல்பு எரியாவிட்டாலும் "கேஸ் போயிருக்கும், ரொப்பிக் குடு" என்று கேட்டவர்களிடம் மாட்டியவர்கள்தானே நீங்களும்?

பிடித்து வைத்தது

தொண்ணூறுகளின் கடைசியில் போசரி தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பழைய ஆர்-12 கேஸ் ஓசோனை அரிக்கிறது, காற்றில் விடாதீர்கள், அதன் உற்பத்தியே நிற்கப்போகிறது, இனி 134ஏ என்ற புது கேஸ்தான் என்றார்கள். அதுவரை குழாயை வெட்டி உஸ்ஸென்று திறந்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் நாங்கள். அன்றுமுதல் பழைய கேஸை உறிஞ்சி சிலிண்டரில் அடைத்தேன். எரவாடாவில் என்னோடு கடை நடத்திய ஷிண்டே இடுப்பில் கைவைத்துப் பார்த்தான்.

"அரே அண்ணா, காத்துல போகவேண்டியதை அஸ்தி மாதிரி குடத்துல பிடிக்கிறியே, எந்த நதியில கரைக்கப்போற?"

செல்வியக்காவின் குல்ஃபி

எங்கள் தெருவில் குல்ஃபி விற்றவர் செல்வியக்கா. நடுக்கோடையில் அவருடைய ஃப்ரீஸர் படுத்துவிட்டது. மோட்டாருக்குள் இருக்கும் பழைய எண்ணெயோடு புது கேஸ் சேராது, மோட்டார் இறுகிவிடும். எண்ணெயை மாற்றி, வேக்குவம் பம்ப் வைத்து ஈரத்தை இழுத்து, கேஸை எடைபோட்டு ஏற்ற இரண்டு நாள் ஆகும். அதற்குள் அவருடைய பால் திரிந்தது. அவர் போனால் தெருவே எங்களைவிட்டுப் போய்விடும். "சும்மா ரொப்பிவிடு" என்று ஷிண்டே காதைக் கடித்தான். நான் அசையவில்லை. செல்வியக்கா கடை வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, பக்கத்து லஸ்ஸி துகானுக்கு வந்தவன் அரை மணியில புது கேஸ் ரொப்பிட்டுப் போயிட்டான். நீ என்ன, பொட்டிக்குப் பிரசவமா பாக்கறே?"

மெதுவாகச் சுற்றிய மீட்டர்

மழை வருவதற்குள் லஸ்ஸிக்கடை மோட்டார் இறுகி நின்றது. செல்வியக்காவின் குல்ஃபியோ கல்லாக இருந்தது. கேஸ் அளவாக இருந்ததால் மோட்டார் கொஞ்சம் ஓடியது, கொஞ்சம் ஓய்வெடுத்தது. கரண்ட் மீட்டரின் தட்டுகூட நிதானமாகச் சுற்றியது. அக்கா லஸ்ஸிக்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்.

"இவன் லேட் பண்ணுவான், நல்லாத் திட்டு. ஆனா வேற எவன் கையிலயும் பொட்டியைக் குடுக்காதே."

மாமனார் வீட்டு ஃப்ரிட்ஜ்

சில வருடம் கழித்துக் கடைத்தெருவில் பழைய கேஸ் கிடைக்கவே இல்லை. ஷிண்டேயின் மாமனார் வீட்டு ஃப்ரிட்ஜ் அப்போதுதான் நின்றது. கிழவர் அதில் பழைய கேஸ், எண்ணெய் எதையும் மாற்ற விடமாட்டேன் என்று அடம். என் சிலிண்டர்கள் இருந்த மூலையில் ஷிண்டே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அண்ணா, அந்த அஸ்தி கொஞ்சம் மிச்சம் இருக்கா?"

வேலையை ஒழுங்காகச் செய்தால் மறுபடி யாரும் கூப்பிடாத இந்தத் தொழிலில், திட்டியவர்கள் வாசலில் வந்து நிற்பதைத்தான் நாங்கள் விருதென்று வைத்துக்கொள்கிறோம்.