இரு நாடுகளின் உறவும் ஒரு வயிறும்

தைவானை நாடாக ஏற்காத ஓர் ஐரோப்பிய நாட்டுக்கும் அதன் தலைநகர் தைப்பேயில் ஆயிரம் வேலை. இரு தரப்பு அதிகாரிகளும் அமைச்சகத்தில் சந்தித்தால் அது அங்கீகாரமாகிவிடும். உணவகத்தில் சந்தித்தால் வெறும் சாப்பாடு. அந்தச் சாப்பாடுகளில் மொழிபெயர்ப்பாளர் கூ சின்-ஷு. இத்தனை வருடங்களாக அந்த உறவைத் தாங்கியது அவருடைய வயிறுதான். இப்போது அதில் புண். வீட்டுக் கஞ்சியைத் தவிர எதையும் தொடாதே என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் கல்லூரியில் படிப்பதால் வேலையை விடவும் முடியாது.

"இன்னைக்கும் வாத்து வறுவலா, கிழவா?" என்றாள் மனைவி மெய்-ஃபாங்.

"மீன்பிடி ஒப்பந்தம் பேசணுமாம். நான் என்ன செய்ய?"

"இங்க கூட்டிட்டு வா. நம்ம சமையக்கட்டை யாரும் அமைச்சகம்னு சொல்ல மாட்டாங்க."

தைவான் அதிகாரியும் ஐரோப்பிய அதிகாரியும் வந்தார்கள். சர்க்கரைவள்ளிக் கஞ்சியும் வெள்ளரி ஊறுகாயும் வைத்தாள். விருந்து தின்று அலுத்தவர்கள், முதல் வாயிலேயே கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது கிண்ணம் காலியாவதற்குள் ஒப்பந்தமும் முடிந்தது.

"விசா விஷயத்தையும் இங்கயே பேசிக்கலாம், அண்ணி," என்றார் தைவான் அதிகாரி. "வாராவாரம் வர்றோம்."

"பாத்திரம் எந்த நாடு தேய்க்கும்னு அந்த வெள்ளைக்காரர்கிட்ட கேளு, கிழவா."

கூ அதை மொழிபெயர்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.