கீழ்பென்னாத்தூருக்குப் போன காகித மலை

"பாத்திரக் கடை பக்கம் போயிடாதீங்கப்பா" என்று மகள் போனில் சொன்னபோது, தேரடி வீதியில் ஒரு பாத்திரக் கடையின் படியில் ஒரு காலை வைத்திருந்தேன். உள்ளே என் மனைவி வெண்கல விளக்குகளை விரலால் சுண்டிச் சுண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்குக் கல்யாணமாகி வரும் முதல் கார்த்திகை. பெண்ணைப் பெற்றவர்கள் வரிசை கொண்டுபோய் வைக்க வேண்டும். பொரி உருண்டை, அப்பம், புடவை, அதோடு ஒரு விளக்கு.

"ஏம்மா?"

"நான் இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எங்க அப்பா விளக்கு கடையில வாங்க மாட்டாரு, அவர் கையாலயே பேப்பர்ல செஞ்சு எடுத்துகினு வருவாருன்னு."

"பேப்பர்ல விளக்கா?"

"விளக்கோ இன்னாவோ. நீங்கதான் எதுனா செய்வீங்களே. பங்காளி வீடுங்களுக்கும் சேத்து செய்ங்க. பெரிய அக்கா சிரிக்கிறாங்கப்பா. அவங்க தலைக் கார்த்திகைக்கு ஆள் உயரத்துக்குக் குத்துவிளக்கு வந்துதாம். சிரிக்கட்டும். நான் சொன்னது சொன்னதுதான்."

பெரிய அக்கா என்றால் அந்த வீட்டு மூத்த மருமகள். வெடுக்கென்று பேசுகிறவள், ஆனால் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தருகிறவள் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். கீழ்பென்னாத்தூரில் அந்தப் பெரிய விவசாயக் குடும்பத்துக்குள் போன நாளிலிருந்து என் மகள் "சரிங்க அத்தை", "ஆமாங்க அக்கா" என்பதற்குமேல் பேசியதாக எனக்குத் தெரியவில்லை. இப்போது முதல் தடவையாக வாயைத் திறந்து பெருமையாக ஒன்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் போன் வழியாக வந்து என் இரண்டு உள்ளங்கையிலும் உட்கார்ந்துகொண்டது. நான் அதைக் காப்பாற்றினால் இனி அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு ஒரு இடம் இருக்கும். இல்லாவிட்டால் மறுபடியும் "சரிங்க அத்தை"தான்.

மனைவி ஒரு விளக்கோடு வாசலுக்கு வந்தாள். சொன்னேன்.

"பேப்பரா? ஏங்க, காத்தடிச்சா பறந்துடும். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா அவளத்தானே குத்திக் காட்டுவாங்க?"

"அவதான் கேக்குறா."

"அவ சின்னப் பொண்ணு, கேப்பா. உங்களுக்கு எங்க போச்சு புத்தி?" என்றாள். ஆனாலும் கையிலிருந்த விளக்கைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

என் கை சும்மா இருக்காது. அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. வேங்கிக்காலில் இருக்கும் என் அலுவலகத்தில் கூட்டம் நடக்கும்போது மேசைக்கு அடியில் என் விரல்கள் பேருந்துச் சீட்டைக் கொக்காக்கிக்கொண்டிருக்கும். டீக்கடையில் பஜ்ஜி மடித்த தாள் எண்ணெயோடு எண்ணெயாகப் படகாகிவிடும். வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் நான் எறிந்ததில்லை. அந்தத் தடித்த தாளில்தான் தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரப் பெட்டி மடிப்பேன். கொலுவுக்குக் கிளி, எதிர்வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்க நட்சத்திரம், பொங்கலுக்குக் கரும்போடு எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை. தாளை மடிக்கும்போது ஒரு சத்தம் வரும், நகத்தால் அழுத்தி இழுக்கும்போது, ஒரு சின்னக் கதவைத் தாழ் போடுகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருப்பது எதுவோ நிற்கும். தட்டையாகக் கிடந்தது எழுந்து நிற்கும். அதைப் பார்க்கிற முகமும் எழுந்து நிற்கும். இந்த ஊரில் எத்தனை வீட்டு அலமாரியில் என் கை இருக்கிறது என்று நினைத்தால் நடு வீதியிலேயே நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கார்த்திகைக்கு, உச்சியில் தீபம் ஏற்றுகிற எங்கள் ஊர் மலையைத் தவிர வேறு என்ன செய்வது?

பழைய தினசரிக் காலண்டர் அட்டையை மூன்று பாகமாக மடித்து, தானாக நிற்கிற ஒரு தட்டி. நடுப்பாகத்தில் சன்னல் மாதிரி வெட்டி, அதன் மேல் பட்டம் ஒட்டுகிற மெல்லிய ஆரஞ்சுத் தாள். அந்தத் தாளின் கீழ்ப்பாதியில், கறுப்புச் சார்ட் தாளில் வெட்டி ஒட்டிய மலை. உச்சியில், அலுவலகக் கோப்புக்கு ஓட்டை போடுகிற பஞ்சிங் மிஷினால் ஒரே ஒரு துளை. தட்டிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி அகலை ஏற்றி வைத்தால் வானம் சிவக்கும், மலை கறுக்கும், உச்சியில் பொட்டாக ஒளி தெரியும். அவ்வளவுதான் வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்துவிடலாம். தட்டியை மடித்தால் பொரி உருண்டைப் பெட்டிக்கு அதுவே மூடி.

மனைவி மைதாவைக் கரைத்து அடுப்பில் கிண்டினாள். "ஊர்ல அவனவன் வீட்ல அப்பம் சுடுறான். இந்த வீட்ல பசை காய்ச்சிகினு இருக்கேன்." சொல்லிக்கொண்டே கட்டி தட்டாமல் கிண்டினாள். மறுநாள் நான் கேட்காமலே ஒட்டவும் உட்கார்ந்தாள். ஓரம் பிசிறாமல் ஒட்டுவதில் என்னைவிட அவள் கை சுத்தம்.

மலையை வெட்ட எனக்குப் பென்சில் வேண்டியதில்லை. எங்கள் வீட்டு மாடியில் பல் தேய்க்கும்போது பார்க்கிறேன், அலுவலகச் சன்னலில் பார்க்கிறேன், கண்ணை மூடினாலும் பார்க்கிறேன். கத்திரி ஏறும், உச்சியில் ஒரு நொடி நிற்கும், இறங்கும். கீழே விழுந்த துண்டுகளைக் கூட்டும்போது மனைவி ஒரு தட்டியைச் சாமி அலமாரியில் வைத்து, பின்னால் அகலை ஏற்றிப் பார்த்தாள். அகலை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைத்தாள். பிறகு, "குத்துவிளக்கு யாரு வேணாலும் வாங்கலாம்" என்றாள்.

தீபத்தன்று ஊருக்குள் வண்டி நுழைய முடியாது, வெளியேயும் போக முடியாது. அதனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினோம். பேருந்தில் பெரிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தேன்.

"இன்னா சார், முட்டையா?" என்றார் நடத்துநர்.

"மலை."

"மலையா? ஊரே அத சுத்தி நடக்குது, நீங்க மடியில வச்சிகினு பஸ்ல போறீங்களே சார்."

பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு தட்டியை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். சிரிப்பு நின்று, அது கைக்குக் கை போய்ப் பின் சீட்டு வரைக்கும் சுற்றி வந்தது. கிட்டத்தட்ட பறந்துகொண்டுதான் நான் கீழ்பென்னாத்தூரில் இறங்கினேன்.

சம்பந்தி வீட்டு முற்றத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உலர்ந்துகொண்டிருந்தது. வறுத்ததை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். மகள் என் கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள். சேதி தெரிந்து பங்காளி வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். சம்பந்தி அம்மா கூடத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். தட்டியை நிறுத்தி, பின்னால் அகல் வைத்து, மகளே ஏற்றினாள்.

ஆரஞ்சு வானம் மெல்ல எரிந்து வந்தது. யாரோ "யம்மா!" என்றார்கள். என் மகள் நிமிர்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி நின்று நான் பார்க்கவில்லை.

சம்பந்தி அம்மா குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்குதுங்க அண்ணா. ஆனா இது எந்த மலை?"

எனக்குப் புரியவில்லை. "நம்ம மலைதாங்க."

"நம்ம மலை இப்படியா இருக்குது?"

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. மூத்த மருமகள் வாய்விட்டே சிரித்தாள். "அவரு டவுன்ல இருந்து பாத்து வெட்டிகினு வந்துட்டாரு அத்தை. இதுல தீபம் ஏத்துனா வேங்கிக்காலுக்குத்தான் தெரியும். நம்ம ஊருக்குத் தெரியாது."

சம்பந்தி அம்மா கேலியாகச் சொல்லவில்லை. என்னை வாசலுக்கு அழைத்துப்போய்க் கையை நீட்டினார். நெல் வயல்களுக்கு அப்பால், தூரத்தில், நீலமாக ஒரு மலை. அது நான் வெட்டிய மலை இல்லை. என் மலை செங்குத்தாக ஏறிக் கூராக முடியும். இதற்கு ஒரு பக்கம் தோள் நீண்டு இறங்கியது, நடுவில் ஒரு பள்ளம், அதற்கப்புறம் ஒரு சின்ன மேடு. "தீபத்தன்னிக்குத் தெருவே இங்க வந்து நிக்கும்ங்க. அந்தப் பள்ளத்துக்கு இந்தாண்ட எப்ப வெளிச்சம் தெரியுதோ அப்பதான் வீட்ல விளக்கு. எங்க கண்ணெல்லாம் அங்கதான் இருக்கும். அதான் பாத்ததும் வேற மாதிரி தெரிஞ்சுது. தப்பா நெனைக்காதீங்க."

வாழ்நாளெல்லாம் அந்த மலையடியில் இருக்கிறேன். அதற்கு ஊருக்கு ஊர் ஒரு முகம் உண்டு என்று தெரியாதவனா நான்? தெரியும். ஆனால் நான் பார்க்கும் முகம்தான் அதன் முகம் என்று கத்திரியும் நானும் முடிவுசெய்துவிட்டோம். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் உள்ள திமிர்தான் அது. திரும்பி வந்தபோது மகள் அகலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பாத்திரக் கடை முழுவதும் இருந்தது.

"பரவாயில்ல விடுங்க, வரிசைன்னு வந்துட்டா எதுவானா இன்னா" என்று சம்பந்தி அம்மா தட்டிகளை அடுக்கப் போனார். அந்தப் பரிவுதான் எனக்கு இன்னும் வலித்தது.

"இருங்க அத்தை" என்றாள் என் மகள். குரல் கொஞ்சம் உடைந்து, உடனே சரியாகிவிட்டது. "அப்பா, கத்திரி எடுத்துகினு வந்தீங்களா?"

வழியில் கசங்கினால் மாற்றலாம் என்று கத்திரியும் கறுப்புச் சார்ட் தாளும் அட்டையும் பசையும் பஞ்சிங் மிஷினும் கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் அவள் கத்திரியைத் தொட்டதில்லை. நான் கூப்பிட்டால் "போங்கப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று ஓடுகிறவள். அன்றைக்குத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தாளை மடியில் வைத்து, வெட்ட ஆரம்பித்தாள். வாசல் பக்கம் திரும்பவில்லை, மலையைப் பார்க்கவில்லை. நீண்டு இறங்கும் தோள், பள்ளம், சின்ன மேடு. கத்திரி எங்கேயும் தயங்கவில்லை. என் கத்திரி உச்சியில் நிற்பதுபோல அவளுடையது பள்ளத்தில் ஒரு நொடி நின்றது.

சம்பந்தி அம்மா அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பெண்கள் எல்லாரும் பின்னாலேயே போனார்கள்.

"அந்த மேடு கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள் மூத்தவள்.

"இங்க இருந்து புளியமரம் மறைக்குதுக்கா. மாடியில இருந்து பாருங்க."

மூத்தவள் விறுவிறுவென்று மாடியேறினாள். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து சத்தம் வந்தது. "ஆமாடி! சரியாத்தான் வெட்டியிருக்க!"

"நீ எப்படிம்மா பாக்காமயே வெட்டுன?" என்று சம்பந்தி அம்மா கேட்டார்.

"தினம் சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போறேன்ல அத்தை" என்றாள் மகள். பிறகு, என்னைப் பார்க்காமல், "அந்த மலைக்குக் கீழதான எங்க வீடு" என்றாள்.

சம்பந்தி அம்மா கையிலிருந்த மலையை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கலைந்திருந்த அவள் முன்முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். "எல்லா வீட்டுக்கும் இதே மாதிரி வெட்டிடு. நானே எடுத்துகினு போய்க் குடுக்கிறேன்."

என் நெஞ்சுக்குள் நடந்ததை எப்படிச் சொல்வது? என் கை எங்கள் ஊரில் எத்தனையோ வீட்டில் இருக்கிறது என்று பேருந்தில் மிதந்தவன் நான். அந்தப் பெருமை ஒரு ஊதலுக்குக்கூடத் தாங்காத பெருமை. இது வேறு. பாத்திரக் கடைக்குப் போகாதீங்க என்று தைரியமாகச் சொன்னவள், சொன்ன சொல்லை அவளே காப்பாற்றிக்கொண்டாள். என்னிடமிருந்து அவள் ஒரு மடிப்புகூடக் கற்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சேர்ந்த ஏக்கத்தை அவளாகவே ஒரு கோடாக்கியிருக்கிறாள். அது என்னுடையதைவிட நல்ல கோடு. வெட்டுகிறவனுக்கு அது தெரியும்.

பழைய மலைகளை ஈரத்துணி வைத்து உரித்தேன். மகள் வெட்டினாள், மனைவி ஒட்டினாள், சம்பந்தி அம்மா துளை விழ வேண்டிய இடத்தைச் சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பங்காளி வீட்டுப் பெண்கள் மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டே தப்புக் கண்டுபிடித்தார்கள்.

மூத்த மருமகள் மாடியிலிருந்து இறங்கி வந்து கொஞ்ச நேரம் தூணில் சாய்ந்து நின்றாள். பிறகு என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்க அம்மா வீடு செங்கம் பக்கம்டி. அங்க இருந்து பாத்தா இதுவும் இல்ல, உங்க அப்பா வெட்டுனதும் இல்ல. முழுசா வேற மாதிரி இருக்கும்."

"எப்படிக்கா இருக்கும்?"

"வாயில சொன்னா வருமா?"

"பென்சில எடுத்து வரைங்க. நான் வெட்டித் தரேன், உங்க அம்மாவுக்கு அனுப்புங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். புது வீட்டுக்காரியின் குரல் அது, வேலை சொல்லிப் பழகத் தொடங்கிய குரல். "அப்பா, அக்காவுக்கு ஒரு தட்டி மடிங்க. ஓரம் கோணாம பாத்து மடிங்க."

கூட்டத்தில் எந்த அதிகாரி சொன்னாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததில்லை. அட்டையை எடுத்து, நகத்தால் அழுத்தி, கோணாமல் மடித்தேன்.