பந்தயக் காலையில் கலந்த பொடி

என் அக்கா பேருந்து ஓட்டுபவள். ஓய்வு நாட்களில் நெடுந்தூரம் ஓடுவாள். கால்கள் அவள் பேச்சைக் கேட்கும். வயிறுதான் ஜென்ம விரோதி. கலந்துகொண்ட மாரத்தான் எல்லாவற்றிலும் பாதியில் கழிப்பறை தேடிப் போய், அத்தோடு திரும்பி வந்தவள். "இந்தத் தடவையும் முடிக்கலைன்னா ஷூவை யாருக்காவது குடுத்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள்.

அதனால் வயிற்றையும் பழக்கினாள். காலைச் சாப்பாட்டோடு நல்ல பாக்டீரியா அடங்கிய ஒரே வகை மாத்திரை. ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஒரே வகைச் சர்க்கரைப் பானம். பந்தய நாளில் புதிதாக எதுவும் உள்ளே போகக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

அவள் கணவர், என் அத்தான், விளையாட்டு வீரர்களுக்குச் சத்துப்பொடி விற்கும் கடையில் விற்பனையாளர். வாய் ஓயாத மனிதர். பந்தயத்தன்று பாதி தூரத்தில் அடுத்த பாட்டிலோடு நாங்கள் காத்திருந்தபோது அவர் பேச்சை விட்டுவிட்டுக் கையிலிருந்த பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணீங்க அத்தான்?"

"கடைக்குப் புதுசா ஒரு நார்ச்சத்துப் பொடி வந்துச்சு. குடலுக்கு ரொம்ப நல்லதாம். கிளம்பும்போது குடுத்த பாட்டில்ல கலந்தேன்."

"இதுலயும் கலந்திருக்கீங்களா?"

தலையாட்டினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பழகாத வயிற்றில், அதுவும் ஓடும்போது, அந்தப் பொடி காற்றடைத்து முறுக்கியெடுக்கும். வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லி வகுப்பெடுப்பவரே அவர்தான். பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன்.

"அவ ஜெயிக்கணும்னுதான்மா..." என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

அவளோடு சேர்ந்து ஓடுகிறவர்கள் எல்லாரும் கடந்து போய்விட்டார்கள். ஒவ்வொரு கழிப்பறைக் கதவையும் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியில் வந்தாள், முகம் வெளிறிப்போய். கையில் முதல் பாட்டில், குறையாமல்.

"ருசி மாறியிருந்துச்சு. ஒரு வாய் வச்சுத் துப்பிட்டேன். அடுத்ததைக் குடு."

என் கையில் இருந்தது காலி பாட்டில். இத்தனை தூரமும் ஒரு சொட்டுப் பானம் இறங்காமல் ஓடி வந்திருக்கிறாள். அமைப்பாளர்களின் மேசையில் வேறு பானங்கள் இருந்தன. அவையும் அவள் வயிற்றுக்குப் புதியவை. பாட்டிலைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள்.

"வயிறுதான் காலை வாரும்னு நெனச்சேன்" என்றாள். மேசையில் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு ஓடினாள்.

முடித்தாள். கடைசித் தெருவில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து கோட்டைத் தாண்டினாள். நான் விம்மி அழுதேன். அத்தான் அப்போதுதான் வாங்கிய, மூடி உடைக்காத தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் திறந்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

இன்றுவரை அவர் போட்டுத் தரும் காபியையும் அப்படித்தான் குடிக்கிறாள். அவள் முகர்ந்து முடிக்கும்வரை அவர் அங்கேயே நிற்பார்.