சீமை மரங்களின் பட்டியல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் நகரசபையின் தோட்டப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். மயிலாப்பூரில் குடித்தனம். வேலை பெரும்பாலும் நாற்காலியில்தான்: உரம், மண்வெட்டி, வேலிக் கம்பி என்று கடிதம் எழுதுவது. ஒரு மாசி மாதம் மட்டும் பத்து நாள் வெயிலில் நடந்து மரங்களைப் பட்டியல் எடுக்க வேண்டி வந்தது. அதற்குக் காரணம் என் பெரியப்பா.

நான் சின்னப் பையனாக இருந்தபோதே அப்பா போய்விட்டார். என்னை வளர்த்துப் படிக்க வைத்தவர் பெரியப்பா. ரெவின்யூ இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வு பெற்ற வாரமே கோட்டுகளையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டுக் கதருக்கு மாறினார். அதன் பிறகு அவர் வீட்டுக்குள் சீமைச் சாமான் எதுவும் நுழைந்ததில்லை. இதில் அவருக்கு வேஷம் கிடையாது. எனக்குக் கல்யாணத்தில் வந்த சீமைப் பேனாவைக்கூட அவர் முன்னால் நான் சட்டைப்பையில் செருகிக்கொள்ள மாட்டேன்.

ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்த மாம்பலத்தில், புதுப் பூங்காவுக்கு எதிரே அவர் வீடு கட்டிக்கொண்டு போயிருந்தார். பூங்காவில் சீக்கிரம் நிழல் வேண்டும் என்று தூங்குமூஞ்சி மரங்களை நிறைய வைத்திருந்தார்கள். ஏழெட்டு வருஷத்துக்குள் அவை குடை விரித்தாற்போல் வளர்ந்துவிட்டன. இவை சீமை மரங்கள், பொதுப் பூங்காவில் இவற்றுக்கு என்ன வேலை, வெட்டிவிட்டு வேம்பும் புங்கமும் மகிழமும் வைக்க வேண்டும் என்று பெரியப்பா ஒரு மனு எழுதினார். தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். பத்திரிகையில் ஆதரவாகவும் எதிராகவும் கடிதங்கள் வந்தன. நகரசபையில் பேச்சு நடந்து, எந்த மரம் நாட்டு மரம், எது சீமை மரம் என்று பட்டியல் கொடுக்கும்படி எங்கள் பிரிவுக்கு உத்தரவு வந்தது. அதிகாரி என்னிடம் தாவர சாஸ்திரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

பூங்காவின் தோட்டக்காரர் கூட வந்தார். மரத்தின் பெயரை அவர் சொல்வார், அதன் ஊரைப் புத்தகம் சொல்லும். தூங்குமூஞ்சி தென் அமெரிக்கா. செம்மயிற்கொன்றை மடகாஸ்கர். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். வடக்கு மூலையில் ஒரு நாகலிங்க மரம் இருந்தது. பூங்கா வருவதற்கு முன்பு யாருடைய தோட்டத்திலோ நின்ற பழைய மரம். பெரியப்பா தினமும் காலையில் அதன் அடியில் உதிர்ந்த பூவைப் பொறுக்கிப் பூஜைக்குக் கொண்டுபோவார். அதுவும் தென் அமெரிக்கா என்று புத்தகம் சொன்னது. நான் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். தோட்டக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, புத்தகத்தைச் சரியாகப் பார்க்கச் சொன்னார்.

மேற்கு வாசலுக்கு வெளியே, தெருவோரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி இருந்தது. அதன் அடியில் ஊரூர் குப்பத்திலிருந்து வரும் பெண்கள் நாலு பேர் மீன் விற்பார்கள். விடிவதற்குள் கிளம்பி, சைதாப்பேட்டைப் பாலம் வழியாகக் கூடையோடு நடந்து வருகிறவர்கள். அவர்களில் ஒருத்திக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். நான் அடிமரத்தைச் சுற்றி அளவு எடுப்பதைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னா நைனா எழுதிக்கினு கீறே?"

மரங்களைப் பட்டியல் எடுக்கிறோம் என்றேன். வெட்டப் போகிறார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, பெரியவர்கள் முடிவு செய்வார்கள் என்றேன். அவள் மீன் மேல் கிடந்த ஈரச் சாக்கைச் சரி செய்துவிட்டுச் சொன்னாள்:

"வெயில்ல வச்சா மீனு செத்த நேரத்துல கெட்டுப் பூடும். நாலு பேரு இந்த நெழல்லதான் குந்திக்கினு பொழைக்கிறோம். அத்தயும் எழுதிக்கோ."

பட்டியலில் கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதுவரை எந்த மரத்துக்கும் அதில் நான் ஒன்றும் எழுதவில்லை. அன்று எழுதினேன்: இம்மரத்தடியில் பெண்கள் அமர்ந்து மீன் விற்கிறார்கள், அருகில் வேறு நிழல் இல்லை. அவளுக்குப் படித்துக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டினாள். எனக்கும் நல்ல காரியம் செய்தது போலத்தான் இருந்தது.

பட்டியலை அனுப்புவதற்கு முன்னால் பெரியப்பாவிடம் காட்டினேன். அப்படிக் காட்டக் கூடாதுதான். நாகலிங்கத்தில் அவர் விரல் நின்றது.

"பூவுக்குள்ளே லிங்கமே இருக்கு. இது எப்படிடா சீமை மரமாகும்?"

புத்தகத்தைப் பிரித்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். பிறகு, அந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டவரில்லை. நான் காகிதங்களை மடித்து வைத்துக்கொண்டேன். காபி வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவரே ஆபீசுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நீ எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். சீமைன்னா எல்லாம்தான் சீமை" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு உண்டான மதிப்பு அதற்கு முன்னால் உண்டானதில்லை. பட்டியல் அப்படியே மேலே போனது.

சித்திரையில் முடிவு வந்தது. அதைக் கண்டிராக்டருக்குக் கடிதமாக எழுதும் வேலையும் என்னுடையது. பக்தர்களின் மனம் புண்படாமல் இருக்க நாகலிங்கம் விட்டுவைக்கப்படும். மற்ற மரங்களைப் பற்றிப் பின்னால் யோசிக்கலாம். மேற்கு வாசல் மரத்தடியில் மீன் வியாபாரம் நடப்பதாகத் தோட்டப் பிரிவே குறிப்புக் கொடுத்திருப்பதால், சுகாதாரத்தை முன்னிட்டு அதை மட்டும் உடனே அகற்ற வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டதே மீன் வியாபாரம் அங்கிருந்து போக வேண்டும் என்றுதான் என நகரசபைக் கமிட்டிக்குத் தனியாகவும் சொல்லியிருந்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அவர்களுக்கு எழுத்தில் ஓர் ஆதாரம் தேவைப்பட்டிருக்கிறது. அதை நான் கொடுத்திருந்தேன். கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினேன்.

வெட்டினால் எல்லாவற்றையும் வெட்டுங்கள், இல்லையென்றால் ஒன்றையும் வெட்ட வேண்டாம் என்று பெரியப்பா நகரசபைக்கு எழுதினார். பதில் வரவில்லை.

வெட்ட இரண்டு நாள் ஆயிற்று. முதல் நாள் கயிறு கட்டிக் கிளைகளை இறக்கினார்கள். உதிர்ந்த காய்களின் பிசுக்கு தெருவெல்லாம் ஒட்டியது. எங்கிருந்தோ ஆடுகள் வந்து தின்றன. இரண்டாம் நாள் அடிமரத்தை அறுத்தபோது நான் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பெரியப்பா தம் வீட்டு வாசலில் நின்றார். மீன்காரப் பெண்கள் வழக்கமான நேரத்துக்கு வந்தார்கள். மூன்று பேர் நிற்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். அவள் மட்டும் கூடையை இறக்கி வைத்து அறுப்பதைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"நான் சொன்னத்த எழுதினியா நைனா?"

"எழுதினேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. நான் எழுதிய வரியும் அதற்கு வந்த உத்தரவும் என் கையிலிருந்த பதிவேட்டுக்குள்ளேயே இருந்தன. படித்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கூடையைத் தூக்கிவிடச் சொன்னாள், தூக்கிவிட்டேன். கையில் மீன் நீர் வழிந்தது.

பெரியப்பா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவ அவர் வீட்டுக்குப் போனேன். செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அந்த வரியை எதற்காக எழுதினேன் என்று கேட்டார். அவள் கேட்டாள், எழுதினேன் என்றேன்.

"நானுந்தான் ஒண்ணு கேட்டேன். அதைச் செய்யலே, இதைச் செஞ்சே. ரெண்டும் சரியாத்தான் செஞ்சிருக்கே" என்றார். சமாதானம் சொல்கிற குரல் இல்லை அது. கணக்குப் பார்த்து எங்கும் தப்பைக் காணாத ஆபீசர் பேசுவது போல இருந்தது.

அவர் அதற்குப் பிறகு நாகலிங்கப் பூவைப் பொறுக்கப் போகவில்லை. பூஜைக்கு வீட்டுச் செம்பருத்தியே போதும் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டார். செம்பருத்தி எந்த ஊர் என்று நான் புத்தகத்தில் தேடவில்லை.

வெட்டிய இடத்தில் புங்கங்கன்று நட்டு மூங்கில் கூடு கட்டினோம். முதல் கன்று பட்டுப்போய், இரண்டாவது பிழைத்தது. மீன்காரப் பெண்கள் கொஞ்ச நாள் மாம்பலம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சுவரின் நிழலில் உட்கார்ந்தார்கள். காலை பத்து மணி வரை அங்கே நிழல் இருக்கும். அதற்குள் விற்கிறவரை விற்றுவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒருநாள் ரயிலுக்குப் போகும்போது அவளைப் பார்த்தேன். வாடிக்கைக்காரி ஒருத்தியோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் கவனிக்கவில்லை. நான் எதிர்ப்பக்கமாக நடந்து படியேறிவிட்டேன்.