சீழ் மஞ்சள்

தெருவில் எல்லோரும் அவளைப் போட்டோக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கடைவீதி ஸ்டுடியோவில் பல வருடம் வேலை பார்த்து, பிறந்த குழந்தைகளைப் படம் எடுப்பதில் நல்ல பெயர் வாங்கியிருந்தாள். இனி யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று முடிவெடுத்து, வீட்டின் முன்னறையையே ஸ்டுடியோவாக மாற்ற நினைத்தாள்.

அந்த அறை அதுவரை அவள் கணவனின் அண்ணனுக்குக் கிடங்காக இருந்தது. அவர் பெயிண்ட் காண்ட்ராக்டர். எதையும் காசு கொடுத்து வாங்கியறியாத மனிதர் என்பதால் குடும்பத்துக்குள் அவருக்கு ‘ஓசி’ என்று பெயர். டிரம்களை நகர்த்தியபோது அடியில் கரப்பான்கள் பெயிண்டோடு பெயிண்டாகக் காய்ந்து ஒட்டியிருந்தன. அவர் மதியத் தூக்கம் போடும் மூலையில், எண்ணெய்த் தலை சாய்ந்த இடம் சுவரில் கறுத்துப் பிசுபிசுத்தது. மூக்கைத் துடைத்த விரலையும் அங்கேயே தேய்த்திருந்தார். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சுரண்டிய அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நிறம் தேர்ந்தெடுக்க அவள் நிறைய மெனக்கெட்டாள். சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு நிறமாகப் பூசி, பக்கத்தில் தன் கையை வைத்துப் படம் எடுத்துப் பார்த்தாள். ரோஜா நிறம் கையைச் சிவக்க வைத்தது. நீலம் பிணத்தின் களையைத் தந்தது. பளபளப்பில்லாத சாம்பல் நிறம் மட்டும் கையைக் கையாகவே காட்டியது. அதுதான் என்று கணவனிடம் சொன்னாள். பஸ் ஓட்டிக் களைத்து வந்த மனிதன், சரி என்று தலையாட்டினான்.

தங்கைக்கு உடம்பு முடியவில்லை என்று அவள் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஓசி வேலையை முடித்துவிட்டார். பொதுக்கழிப்பறை ஒன்றுக்கு அடித்தது போக மிஞ்சிய மஞ்சள். எனாமல் வேறு. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அப்படி ஒரு மஞ்சளை அவள் வேறெங்கும் கண்டதில்லை, பழுத்து உடையப்போகும் கொப்புளத்தைத் தவிர. ஈரத்தில் சிக்கிய கொசுக்கள் அங்கங்கே காலை விரித்துக் கிடந்தன.

“சாம்பல் அடிச்சா வீடு வெளங்குமாம்மா? இது எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு” என்றார் ஓசி.

அண்ணன் ஆசையாகச் செய்தது, இப்போதைக்கு விட்டுவிடு என்று கணவன் சமாதானம் சொன்னான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

எடுத்த படத்திலெல்லாம் மஞ்சள் ஏறியது. வெள்ளைத் துணி மஞ்சளாகியது, குழந்தையின் கன்னமும் மஞ்சளாகியது. ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரில் போட்டு மஞ்சளை இறக்கினாள். தொடக்கத்தில் பார்த்துப் பார்த்துச் செய்தாள். போகப் போகக் கை பழகிவிட்டது. கண் எங்கோ இருக்க, விரல் தானாக இறக்கியது.

அப்போதுதான் அடுத்த தெருப் பெண் பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். புருஷன் வெளியூரில் வேலை; படம் கேட்டுத் துளைக்கிறானாம். குழந்தை அசந்து தூங்கியது. கையைத் தூக்கி வைத்தால் வைத்தபடி கிடந்தது. இவ்வளவு சமத்தான குழந்தையைப் பார்த்ததே இல்லை என்று போட்டோக்கா சொன்னாள். அன்று மாலையே வழக்கம்போல மஞ்சளை இறக்கி, குழந்தையை ரோஜாப்பூவாக்கி அனுப்பிவைத்தாள்.

சில நாள் கழித்து அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை. பாலே குடிக்காமல் துவண்டுபோன பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கண்ணைக் கட்டி நீல விளக்குக்கு அடியில் போட்டிருக்கிறார்களாம். பேச்சில் கோபமே இல்லை.

“எனக்கு அப்பவே சந்தேகமாத்தான் இருந்துச்சுக்கா. உங்க போட்டோவப் பாத்துட்டுத்தான், நம்ம கண்ணுதான் சரியில்லன்னு விட்டுட்டேன்.”

போட்டோக்கா கைவைக்காத மூலப் படத்தைத் திறந்தாள். சுவரின் மஞ்சள் வெள்ளைத் துணியில் ஒரு சாயலாகத்தான் இருந்தது. குழந்தையின் நெற்றியிலும் மூக்கிலும் வயிற்றிலும் இருந்தது அதைவிட அடர்த்தி. இரண்டும் வேறு வேறு மஞ்சள் என்று இப்போது பளிச்சென்று தெரிந்தது. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிய பிறகும் நாக்கில் எனாமல் வாசனை போகவில்லை. தன் விரல்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சுரண்டியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். பெயிண்ட் தோல் உரிவதுபோல நீள நீளமாக உரிந்து அவள் தோளில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓசி வந்து எட்டிப் பார்த்தார். நல்ல சுவரை எதற்காக நாசம் பண்ணுகிறாய் என்று கேட்டவரிடம் அவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

“கக்கூஸுக்கு அடிச்ச மிச்சத்த என் தலையில கட்டுனீங்க மாமா. வேணாம்னு சொல்ல வாயில்லாம நானும் வாங்கிக்கிட்டேன். இனிமே இந்த ரூமுக்குள்ள கால் வைக்காதீங்க.”

ஓசி தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, மனைவிக்காகவும் பேசவில்லை. ஏணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். அவள் அதற்காக அவனை வெகுநாள் மன்னிக்கவில்லை.

குழந்தை பிழைத்தது. காமாலை முற்றினால் காது போகலாம் என்று பயமுறுத்தியிருந்தார்கள்; காதும் நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் போட்டோக்காவுக்குத் தூக்கம் வந்தது. பழங்களோடு பார்க்கப் போனபோது, அந்தப் பெண் உட்காரச் சொல்லி முகம் கொடுத்துப் பேசினாள். ஆனால் குழந்தையை அவள் கையில் கொடுக்கவில்லை.

அறைக்குச் சாம்பல் நிறம் வந்தது. இப்போதெல்லாம் குழந்தை வந்ததும் காமிராவைத் தொடமாட்டாள். வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போய், நெற்றியை மெல்ல அழுத்தி, விரல் எடுத்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பார்ப்பாள். தூங்கும் குழந்தையையும் கண் திறக்கும்வரை காத்திருந்து விழி வெள்ளையைப் பார்ப்பாள். இவள் என்ன டாக்டரா என்று முணுமுணுத்துப் போனவர்கள் உண்டு.

போன வாரம் ஒரு தாய், படத்தில் பிள்ளையைக் கொஞ்சம் சிவப்பாக்கித் தரச் சொன்னாள். போட்டோக்கா ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, “இருக்கற மாதிரிதான் வரும், பரவால்லயா?” என்று கேட்டாள். அந்தத் தாய் சற்று யோசித்துவிட்டு, குழந்தையின் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள்.