பாதி நிரம்பிய கட்டம்

படிவம் மூன்றோடு பள்ளிப் படிப்பை விட்ட நான், காஜாங் வாடகை அறையில் பொழுதுபோக்காகச் சுடோகு தீர்க்கும் புரோகிராம் எழுதுகிறேன். சோதித்துப் பார்க்கச் சின்னப் புதிர் ஒன்று தேவைப்பட்டது. சின்ன வயதில் இருந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சிமெண்டுத் தரை நினைவுக்கு வந்தது.

அதில் அக்கா சாக்பீஸால் நாலுக்கு நாலு சுடோகு கட்டம் போடுவாள். நான் தப்பாக எண் எழுதினால், "டேய் மண்டு, அந்த வரிசையில ஏற்கெனவே மூணு இருக்கு லா!" என்று குட்டுவாள். ஒருநாள் காலை பாதி நிரப்பியிருந்தபோது அவள் வேலைக்குப் போகும் சுங்கை வே தொழிற்சாலை பஸ் ஹாரன் அடித்தது. "யாரும் தொடாதீங்க, வந்து முடிக்கிறேன்," என்று ஓடினாள். வழியில் பஸ் லோரியில் மோதியது. அக்கா திரும்பவில்லை.

வீடு மாறும்வரை அம்மா அந்தக் கட்டத்தைச் சுற்றித்தான் தரை துடைத்தாள்.

அக்கா எழுதிய எண்களைப் புரோகிராமுக்குக் கொடுத்தேன். கண் சிமிட்டுவதற்குள் மீதிக் கட்டங்கள் நிறைந்தன. அவள் எழுதியவற்றை மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் அழித்தேன்.